நட்டவர் பெயர் தெரிகிறது... மரம் எங்கே?

ஒரு மரக்கன்று நட எத்தனை பேர் வேண்டும்?

விவசாயியைக் கேட்டால், 'ஒரு ஆளு போதுமே சாமி' என்பார். நம் ஊர் விழாக்களைப் பார்த்தால் குறைந்தது பதினைந்து பேர். ஒருவர் கன்றைப் பிடிக்க, ஒருவர் பூவாளியைப் பிடிக்க, மீதிப் பேர் அந்த இருவரின் கையைப் பிடிக்க! முன்னால் கேமரா. பின்னால் ஃப்ளெக்ஸ். அதற்கும் பின்னால் ஒன்றரை மணி நேரமாக வெயிலில் வரிசையில் நிற்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மரம் நடுகிற விழாவில் நிழலுக்கு ஷாமியானா போடுகிறோம். அந்த நிழலும் மேடைக்கு மட்டும்தான்.

விழா முடிந்ததும் இரும்புக் கூண்டு ஒன்றை வைக்கிறார்கள். கூண்டில் உபயதாரரின் பெயர், பட்டம், பதவி எல்லாம் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கூண்டு இருக்கும், பெயர் இருக்கும். கன்று மட்டும் இருக்காது. உள்ளே ஒரு காய்ந்த குச்சியும் இரண்டு டீ கப்பும் கிடக்கும்.

நான் மரம் நடுவதற்கு எதிரியல்ல. நட்டுவிட்டு ஓடிப்போவதற்கு எதிரி.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? 2012-ல், அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் 64-வது பிறந்த நாளுக்கு 64 லட்சம் கன்றுகள் நடும் திட்டம். அடுத்த வருடம் 65 லட்சம். அதற்கடுத்த வருடம் 66 லட்சம். வயது ஏற ஏறக் கன்றும் ஏறியது. இந்த மூன்று வருடக் கணக்கே கிட்டத்தட்ட இரண்டு கோடி. வடக்கே இன்னும் வேகம். 2016 ஜூலையில் உத்தரப்பிரதேசம் ஒரே நாளில் ஐந்து கோடி கன்றுகள் நட்டதாகச் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. 2017 ஜூலையில் மத்தியப்பிரதேசம், 'நாங்கள் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறரைக் கோடி' என்றது. இது மரம் நடுவதா, ஓட்டப்பந்தயமா?

2022-ல் 'பசுமைத் தமிழ்நாடு இயக்கம்' வந்தது. அப்போது 23.7 சதவிகிதமாக இருந்த பசுமைப் பரப்பைப் பத்தாண்டில் 33 சதவிகிதம் ஆக்குவது இலக்கு. நல்ல இலக்கு. ஆட்சிகள் மாறினாலும் இலக்குகளுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். நட்ட கணக்கு இருக்கிறது. செத்த கணக்கு எங்கே? மனிதன் பிறந்தால் ஒரு சான்றிதழ், இறந்தால் ஒரு சான்றிதழ். மரக்கன்றுக்கு மட்டும் நம் நாட்டில் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அது சாவதே இல்லை... காகிதத்தில்!

அரசாங்கத்தை மட்டும் சொல்வதில் நியாயமில்லை. பெரிய மனசோடு இறங்கியவர்களும் உண்டு. அப்துல் கலாம் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஒரு கோடி மரம் நடுவேன் என்று கிளம்பினார் நடிகர் விவேக். 2021-ல் அவர் மறைந்தபோது 33 லட்சம் கன்றுகளைத் தாண்டியிருந்தார் என்றார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் அழுதபடி இன்னொரு கன்றை நட்டார்கள். விவேக்கை உண்மையாகவே நேசிக்கிறவர்கள் செய்திருக்க வேண்டியது அது அல்ல. அவர் நட்டவற்றில் நம் தெருவில், நம் பள்ளியில் இருப்பதைத் தேடிப் போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

கன்று ஏன் சாகிறது? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. தேதியைப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள். ஸ்டாக்ஹோமுக்கு அது இதமான கோடை. நமக்கோ கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும் நேரம். சரி, அதை விட்டால் ஜூலையில் வன மகோத்சவம். 1950-ல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம்.முன்ஷி தொடங்கி வைத்தது. வட இந்தியாவில் ஜூலை என்றால் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஆகவே அவர் போட்ட கணக்கு அவர் ஊருக்குச் சரி. ஆனால், தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. நீலகிரி, கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் போன்ற இடங்களை விட்டுவிடுங்கள், அங்கே தென்மேற்கு மழை உண்டு. ராமநாதபுரத்திலும் விழுப்புரத்திலும் சென்னையிலும் ஜூன் மாதம் கன்று நடச் சொன்ன புண்ணியவான் யார்? 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். அந்த ஜூனிலும் 'இன்று மரம் நடுவோம்' என்று ஃப்ளெக்ஸ் வைத்தோமே!

நம் பாட்டன் புரட்டாசி, ஐப்பசி பார்த்து நட்டான். நாம் காலண்டரில் ஆங்கிலத் தேதி பார்த்து நடுகிறோம். மழை நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

அடுத்தது பள்ளிக்கூடம். 'மாணவர்களிடம் கொடுத்தால் வளர்த்துவிடுவார்கள்' என்று ஒரு நம்பிக்கை. பிள்ளைகள் நிச்சயம் வளர்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலில் மிச்சம் இருப்பதைக்கூட ஓடிப்போய் ஊற்றுவார்கள். ஆனால், ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டிவிடும். மே மாதம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மே மாதம்தான் மரக்கன்றுக்கு முழு ஆண்டுத் தேர்வு. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கு விடுமுறை! கேட்டில் பூட்டு, சாவி எச்.எம். வீட்டில். ஜூன் மாதம் திறந்தால் குச்சிதான் இருக்கும். குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே குழியில் அடுத்த விழா. அந்தக் குழிக்கு மட்டும் வாய் இருந்தால் எத்தனை வி.ஐ.பி-க்களின் பெயரைச் சொல்லும்!

பாவம், ஆசிரியர்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. மேலிருந்து உத்தரவு வரும். ஒரு டெம்போவில் இருநூறு கன்றுகள் வந்து இறங்கும். நர்சரியில் என்ன மிச்சமோ அதுதான் வரும். எந்த மரம், எந்த இடம், மண் என்ன, தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா... எதையும் யாரும் கேட்பதில்லை. 'சாயந்திரத்துக்குள்ள நட்டு, போட்டோ அனுப்புங்க' என்று மட்டும் கேட்பார்கள். கம்பிக்கு அடியில் நட்ட கன்று தப்பித்தவறி வளர்ந்துவிட்டால், மின்வாரியம் வந்து தலையை வெட்டும். வேருக்குப் பக்கத்தில் இருப்பது சிமென்ட் தளம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? பூ அழகாக இருக்கிறது, சீக்கிரம் வளர்கிறது என்று நாம் வரிசையாக நட்ட குல்மொஹர் போன்ற வெளியூர் மரங்கள் ஏராளமாக விழுந்து கிடந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் அது. வேர் விரிய மண் இல்லாமல் சிமென்ட்டால் கழுத்தை நெரித்தால் எந்த மரமும்தான் விழும். பழி மட்டும் புயலுக்கு.

இத்தனையையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் இதுதான். செத்த கன்றுகூடப் பரவாயில்லை, மறுபடி நடலாம். 'போட்டோ எடுத்தாச்சுன்னா வேலை முடிஞ்சுது' என்கிற பாடத்தைப் பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதை எப்படித் திருப்பி எடுப்பது? சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொன்னது. பாடமும் வந்துவிட்டது. புத்தகத்தில் உள்ளதைப் பிள்ளை பரீட்சையில் எழுதுகிறது. மைதானத்தில் நாம் நடத்திக் காட்டும் பொய்யைத்தான் வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டு போகிறது.

பள்ளிக்கூடத்தின் லட்சணம் இது என்றால், நம் வீட்டு லட்சணம் என்ன? கொஞ்சம் மொட்டை மாடிக்கு வாருங்கள்.

2015-ல் கேரளம் ஒரு குண்டைப் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருக்கிறது என்றது. தமிழக அரசு மறுத்தது. இரண்டு பக்கமும் அறிக்கை பறந்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாநிலத்து ஜனங்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வீட்டு வாசலிலும் மாடியிலும் காய்கறி போட்டார்கள். 'ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி' என்று அரசே திட்டம் போட்டு, பள்ளிப் பிள்ளைகள் கையில் விதைப் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பியது. நாம் என்ன செய்தோம்? 'எங்க காயையா குறை சொல்றே' என்று ரோஷப்பட்டோம். அவர்கள் வேண்டாம் என்று சந்தேகப்பட்ட அதே காயைத்தான் நாமும் மூன்று வேளை சாப்பிடுகிறோம் என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

நம்மிடமும் திட்டம் இல்லாமல் இல்லை. 2013 வாக்கில், சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்காக மானிய விலையில் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று ஒரு பெட்டி கொடுத்தார்கள். பை, தேங்காய் நார்க் கழிவு, விதை எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர்கள் ஏராளம். முதல் வெண்டைக்காயை போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம். அப்புறம் மாவுப்பூச்சி வந்தது. அப்புறம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். திரும்பி வந்தால் பை இருக்கிறது, செடி இல்லை. வாடகை வீடென்றால் 'தளம் ஊறுது, தூக்குங்க' என்று ஹவுஸ் ஓனர் வேறு. தோட்டம் போச்சு. ஆனால், ஆர்கானிக் ஆசை போகவில்லை. கடைக்குப் போய் இரண்டு மடங்கு விலை கொடுத்து அதே கீரையை வாங்குகிறோம். அரசு வேலையை 1969-ல் உதறிவிட்டு, சாகும்வரை கிராமம் கிராமமாக நடந்தாரே நம்மாழ்வார், அவர் படம் கல்லாவுக்கு மேலே மாலையோடு தொங்குகிறது. அவர் சொன்னது 'மண்ணைத் தொடு' என்று. நாம் தொட்டது பர்ஸை.

ஆக, பள்ளியில் மே மாதம் கன்று சாகிறது. வீட்டில் மே மாதம் செடி சாகிறது. பள்ளியில் நிலம் இருக்கிறது, ஆள் இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறது, நிலம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருடமாக எந்த அதிகாரிக்கும், எந்தப் பெற்றோருக்கும் ஏன் தோன்றவில்லை?

யோசித்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் சத்துணவுக் கூடம் இருக்கிறது. தினமும் அரிசி கழுவிய தண்ணீர், பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணீர் எல்லாம் சாக்கடைக்குப் போகிறது. முட்டை ஓடும் காய்த் தோலும் குப்பைக்குப் போகின்றன. மரத்தடியில் விழுகிற சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். கொளுத்திவிட்டு, விழா அன்றைக்குக் கடையில் மண்புழு உரம் வாங்கி வருகிறார்கள்! குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், கொளுத்தக் கூடாது என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. விதி போர்டில் இருக்கிறது. புகை வகுப்பறைக்குள் வருகிறது.

ஒரு அடுக்கு காய்கறிக் கழிவு, மேலே இரண்டு மடங்கு சருகு, கொஞ்சம் பழைய மண், பிடித்துப் பார்த்தால் ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் ஒரு கூடைச் சருகைப் போட்டுக் கிளறினால் சரியாகிவிடும். இரண்டு, மூன்று மாதத்தில் உரம் தயார். இதற்கு எந்த நிபுணரும் வேண்டாம். பள்ளியைச் சுற்றியுள்ள முப்பது வீடுகள் தினமும் ஒரு டப்பா காய்த் தோலைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பினால் போதும். அரைக்கீரை, சிறுகீரை ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். வேலியோரம் நாலு முருங்கைப் போத்து, கை கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை, பப்பாளி, ஒரு கறிவேப்பிலை. எல்லாம் அன்றன்றைக்கே சாம்பாரில் விழும். தான் நட்ட கீரையைப் பிள்ளை தட்டில் ஒதுக்கி வைக்காது. சத்துணவுக்கு அரசு தரும் காய்கறிப் பணம் எவ்வளவு சொற்பம் என்று அமைப்பாளர் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடுங்கள் என்று மத்திய அரசு 2019-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. வழி காட்டியாயிற்று, நடக்கத்தான் ஆள் இல்லை.

விதைக்கும் ஒரு வழி இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டாரே, எப்படி? விதைத் திருவிழாவுக்கு வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். 2018-ல் அவர் போய்விட்டார். விதை போகவில்லை. இதையே ஒரு பள்ளி செய்யட்டுமே. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து நாட்டுக் கத்தரி விதை. வருடம் முடியும்போது இருபதாகத் திருப்பிக் கொடு. கொடுத்தால் உன் பெயர் சுவரில். இதைவிடப் பெரிய கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் ஒழுக்கப் பாடமும் எதில் இருக்கிறது? வீரிய ஒட்டுரக விதையை எடுத்துப் போட்டால் அடுத்த வருடம் ஏன் தாயைப் போல வரவில்லை என்பதையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

இப்போது எதிர்க் குரல் வரும். வரட்டும்.

'படிக்கப் போற பிள்ளையை மண்ணு வெட்டச் சொல்றதா? குலக்கல்வியா?' நியாயமான பயம். இதைக் கேலி செய்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டின் சரித்திரம் தெரியாது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் படிப்புத் திட்டத்தை எதிர்த்து இந்த மாநிலமே எழுந்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது போனது. இன்றைக்கும் கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால், பல ஊர்களில் சாதி கண்ணில் அடிக்கும். அதனால்தான் சொல்கிறேன்... தோட்டம் தண்டனையாக இருக்கக் கூடாது. 'லேட்டா வந்தியா, போய்த் தண்ணி ஊத்து' என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அந்த நிமிடமே அந்தத் தோட்டம் செத்துவிட்டது. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும். டாக்டர் பிள்ளைக்கும் வர வேண்டும், கூலிக்காரர் பிள்ளைக்கும் வர வேண்டும். ஆசிரியருக்கும் எச்.எம்-முக்கும் முறை உண்டு. எல்லோரும் மண்ணைத் தொட்டால் அது கல்வி. சிலர் மட்டும் தொட்டால் அதற்குப் பெயர் சாதி. தனியார் பள்ளிகளில் இதையே கையுறை மாட்டிவிட்டு, 'கார்டனிங் ஆக்டிவிட்டி' என்று ஃபீஸ் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். அங்கே யாரும் குலக்கல்வி என்று கத்துவதில்லை!

அடுத்த குரல்: 'கீரைப் பாத்தி போட்டா நாட்டுக்கே சோறு போட்டுடலாமா?' முடியாது. அப்படிச் சொல்கிறவர் யாராவது இருந்தால் நம்பாதீர்கள். ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் ஒழிக்கிறேன் என்று இலங்கை 2021-ல் தடை போட்டது. விவசாயி திண்டாடித் தெருவுக்கு வந்தான். அதே வருடம் நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். மண்ணுக்கு உத்தரவு புரியாது, பழக்கம்தான் புரியும். அந்தப் பழக்கத்தைப் பள்ளியில், வீட்டில், பத்தடிப் பாத்தியில்தான் தொடங்க முடியும்.

'அரசாங்கம் பணம் தருமா?' பணத்தைவிடக் கண்டிப்புதான் வேண்டும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பு கட் என்றதும் ஊரே ஓடி ஓடிக் குழாய் மாட்டவில்லையா? மாட்டியதோடு மறந்தும் போனோம். அதன் பிறகு அந்தக் குழாயில் அடைத்த சருகை எடுத்தவர்கள் எத்தனை பேர்? ஆரம்பிப்பதில் நாம் புலிகள். பராமரிப்பதில்தான் பூனைகள்.

ஆகவே, விழா நடத்துகிறவர்களுக்கு என் நிபந்தனைகள் நாலே நாலு. ஒன்று, தென்மேற்கு மழை பெறாத ஊர்களில் ஜூனில் நடாதீர்கள். அன்று குழி வெட்டி, சருகும் உரமும் போட்டு மூடுங்கள், ஐப்பசியில் நடலாம். இரண்டு, ஒரு பள்ளிக்கு இருநூறு வேண்டாம். வேம்பு, புங்கன், நாவல், பூவரசு, மகிழம் என்று அந்த மண்ணுக்கு ஒத்துவரும் பத்துக் கன்றுகள் போதும். வகுப்புக்கு ஒன்று. ஆறாம் வகுப்பில் நட்ட பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் அதன் நிழலில் உட்கார்ந்து படிக்கட்டும். மூன்று, ஏப்ரல் கடைசி நாளில் பள்ளிச் சாவியோடு ஒரு பட்டியலும் கைமாறட்டும். மே மாதத்தின் 31 நாளுக்கும் தெருவிலிருந்து 31 வீடு. ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்! அதற்கும் நேரம் இல்லை என்று சொல்கிற வீடு, இனி வெயில் கொளுத்துகிறது என்று புலம்ப உரிமை இல்லாத வீடு. நாலு, பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். நட்டது எத்தனை, மூன்றாவது வருடம் உயிரோடு இருப்பது எத்தனை, செத்தது எத்தனை, ஏன் செத்தது? பிள்ளைகளே எண்ணி எழுதட்டும். அரசும் இனி இந்த எண்ணை மட்டும் வெளியிடட்டும். நட்ட எண்ணிக்கை எங்களுக்கு வேண்டாம்.

பத்துக்கு மூன்றுதான் பிழைத்தது என்றால் மூன்று என்று எழுதுங்கள். வெட்கமில்லை. அந்த மூன்றை எழுதிய பிள்ளைக்கு உண்மையும் தெரிந்திருக்கும், அடுத்த முறை நாலாக்குகிற வழியும் தெரிந்திருக்கும்.

சிறப்பு விருந்தினர்களுக்கு நாம் மரியாதை குறைத்துவிட வேண்டாம். தாராளமாகக் கூப்பிடுங்கள். நடும்போது அல்ல. நட்ட மூன்றாவது வருடம், மே மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு! மாலையை ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொடுங்கள். கேமரா அன்றைக்கு வரட்டும்.